ஏழாவது கட்டத்து நட்சத்திரம்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாசனை நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான், அது மேல்மலை ஏலக்காய் ஏல நிலையத்தின் முதல் மாடியில் குளிரூட்டி ஓடும் கணினி அறை. அந்த அறையில் முப்பத்து நாலு வருஷம் உட்கார்ந்து, எந்தத் தோட்டத்து மூட்டை எந்த வியாபாரிக்குப் போனது என்பதை மலையே மறந்தாலும் மறக்காத நிரல்களை எழுதி வந்த தனபாக்கியத்தின் இடது தோளில், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், அவள் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு நட்சத்திரம் முளைத்தது. ஏலக்காய் அளவுதான் இருந்தது, ஆறு முனை. வலிக்கவில்லை, அரிக்கவில்லை, துண்டால் துடைத்தால் போகவில்லை, ரவிக்கை போட்டால் ரவிக்கைக்கு மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. தோளின் முனையிலிருந்து உள்பக்கமாக விரல் வைத்து அளந்து பார்த்தாள், ஆறு விரல் விட்டு ஏழாவது விரலில் அது இருந்தது, அளந்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

அவள் வேலை பார்க்கும் கணினிப் பெட்டியின் பாஷை தெரியாதவர்களுக்கு இதை இங்கேயே சொல்லியாக வேண்டும். அந்தப் பாஷையில் ஒவ்வொரு வரியும் சதுரக் கட்டத் தாளில் எழுதுவதுபோல, கட்டத்துக்கு ஓர் எழுத்தாக எழுதப்பட்டு வந்தது. முதல் ஐந்து கட்டம் காலி, ஆறாவதில் தொடக்கம், ஏழாவதில் ஒரு நட்சத்திரத்தை வைத்துவிட்டால் அந்த வரி இனி வெறும் குறிப்பு, மனிதர்கள் படிக்கலாம், இயந்திரம் அதைக் கண்டும் காணாமல் தாண்டிப் போய்விடும். அழிப்பது என்பது அந்த அறையில் கிடையவே கிடையாது. வேண்டாத வரி என்றால் நட்சத்திரம் போடு, நாளைக்கே வேண்டியிருக்கும், நட்சத்திரத்தை எடுத்தால் உயிரோடு எழுந்து வரும் என்பது அங்கே எல்லாரும் கைக்கொண்ட வழக்கம், அந்த வழக்கத்தைத் தனபாக்கியம் ஒருநாளும் மீறியதில்லை.

நட்சத்திரம் முளைப்பதற்கு முந்தின நாள் மேலாளர் ஹேமநாதன் அவளைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லியிருந்தார். சென்னையிலிருந்து வந்து ஏழு மாதமாகிறது, முப்பத்தாறு வயது, யாரிடமும் குரல் உயர்த்தாத நல்ல மனிதர், அதனாலேயே கொஞ்சம் ஆபத்தானவர். பழைய பெட்டியைத் தூக்கிவிட்டுப் புதிய ஏற்பாடு வரப்போகிறது, ஐம்பது வயது கடந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று மேலிடம் நினைக்கிறது, ஆகவே அதை ஒரு விதியாக நிரலில் எழுதிவிட்டு, ஊழியர் பட்டியலில் அந்த வயதைத் தாண்டிய ஒன்பது பேரையும் அவள் கையாலேயே நீக்கிவிட வேண்டும் என்று பூப்போலச் சொன்னார். ஒன்பதாவது பெயர் அவளுடையது.

பயிற்சி இல்லை என்றதைவிடப் பழைய பெட்டி என்றதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. தொண்ணூற்றொன்றில் லாரியில் வந்திறங்கிய பெட்டி எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பின் ஐந்து பெட்டிகள் மாறி, போன பங்குனியில் வந்து உட்கார்ந்திருப்பது ஹேமநாதனின் கைப்பேசியைவிடப் புதிது, கருப்பு நிறமும் கூப்பிடும் பெயரும் மட்டும்தான் பழசு. பெட்டி மாறும்போதெல்லாம் இந்த ஒன்பது பேரும் மாறினார்கள். பாஷையில் புதிதாக என்ன வந்தாலும், வாரம் தவறாமல் சனிக்கிழமை மூன்று மணிக்கு அவர்களில் ஒருத்தியான மெகருன்னிசாவின் வீட்டு மாடியில் கூடி, இஞ்சி டீயும் முறுக்குமாக வரி வரியாகப் படித்து, ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு மடக்கி, திங்கட்கிழமையே அதை வேலையில் இறக்கிப் பார்த்தார்கள், கல்யாணம் காது குத்து என்று எதற்காகவும் நிறுத்தியதில்லை, நிலையத்தில் எந்த மேலாளரும் அதை அறிந்ததுமில்லை, கேட்டதுமில்லை.

தனபாக்கியம் மேலாளரோடு வாதாடவில்லை. இருக்கைக்குப் போய் விதியை ஒரு வரியாக எழுதினாள், ஒன்பது பெயர்களை மட்டும் நீக்காமல், ஒவ்வொன்றின் ஏழாவது கட்டத்திலும் ஒரு நட்சத்திரம் வைத்தாள். அழிக்கச் சொன்னதை அழிக்காமல் ஒளித்து வைத்துவிட்டோம், ஒருநாள் எடுத்துவிடலாம் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை நிலையத்து வாசலில் ஒன்பது பேரும் தோளில் ஆளுக்கொரு நட்சத்திரத்தோடு நின்றார்கள். முகம் பார்த்துத் திறக்கும் வாசல் கருவி அவர்களைப் பார்க்கவில்லை; விரல் வைத்தால் விரலை அறியவில்லை; காவலர் சிங்கராசு சாவி போட்டுப் பக்கக் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனால், தட்டிய எழுத்து எதுவும் திரையில் விழவில்லை. பட்டியல் கோப்பு தனபாக்கியத்தின் விரலுக்கு மட்டுமே திறக்கும்படி அவளே பூட்டி வைத்தது, இப்போது அவள் விரல் இயந்திரத்துக்கு விரலே இல்லை. அவள் மற்ற எட்டுப் பேரையும் மாடிப்படியில் உட்கார வைத்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். நாமளே நமக்குப் போட்டுக்கிட்டதா என்று கேட்டுவிட்டு எழுந்து போன அழகர்ராஜா, அவளுக்கு அடுத்த இருக்கையில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தவர், மூன்று நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்தெட்டு நாள் தொடர்ந்து வருகைப் பதிவு இல்லாதவரின் வேலை தானாக நின்றுபோகும் என்பது நிலையத்தின் விதி, அதையும் எட்டு வருஷத்துக்கு முன்னால் நிரலாக எழுதியவள் அவள்தான், எழுதியது பிசகாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. முதல் இரண்டு நாள் தோளைத் தொட்டுப் பார்த்தார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டார்கள், ஒரு வாரத்தில் உபயோகம் கண்டுபிடித்துவிட்டார்கள். பேருந்தில் டிக்கெட் கருவி அவர்களை எண்ணாததால், ஆள் நிறைந்துவிட்டது என்று சாதிக்கும் நடத்துநரும் நட்சத்திரம் என்றால் ஏறச் சொன்னார். ரேஷன் கடையில் விரல் பதியாதபோது கடைக்காரர், உங்களுக்கு நோட்டுதான் என்று தனியாக ஒன்று தைத்து வைத்துக்கொண்டார். அரசு மருத்துவமனையில் ரத்த அழுத்தக் கருவி ஒன்றும் காட்டவில்லை என்றதும் நர்ஸ் கையைப் பிடித்து நாடி எண்ணி, நூற்றுக்கு நூறு ஆளு உயிரோடதான் இருக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கல்யாண வீட்டுப் புகைப்படங்களில் அவர்கள் நின்ற இடத்தில் பின்னாலிருந்த வாழைமரம் தெரிந்தது, மணமக்கள் அதற்காக வருத்தப்படவில்லை, படத்தைக் காட்டி இது மெகருன்னிசா அம்மா, இது அழகர்ராஜா சார் என்று வாழைமரத்தைச் சுட்டிச் சொன்னார்கள்.

எந்தக் கைப்பேசியிலும் அவர்கள் பேச்சு பதியாது, அவர்கள் பக்கத்தில் நிற்பவர் பேச்சும் பதியாது என்பது தெரிந்த பிறகு ஊருக்கு அவர்கள்மேல் பிரியம் கூடிப் போனது. மாமியாரைப் பற்றிப் பேச வேண்டிய மருமகளும், மருமகளைப் பற்றிப் பேச வேண்டிய மாமியாரும், தோட்டத்து முதலாளியைப் பற்றிப் பேச வேண்டிய காய் பொறுக்கும் பெண்களும் ஒரு நட்சத்திரத்தைக் கூட்டி வந்து நடுவில் உட்கார வைத்துக்கொண்டு மனம்விட்டுப் பேசினார்கள். சுப்புராஜ் நகரில் ஒரு டீக்கடையில் அவர்களுக்கென்றே ஒரு பெஞ்சு ஒதுக்கப்பட்டது. ஊர் அவர்களைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது, இதுவும் ஒரு வசதிதானே, இனி என்னத்துக்கு அந்த ஆபீஸ் என்று கேட்டது.

தனபாக்கியத்துக்கு இந்தக் கொண்டாட்டம்தான் தாங்க முடியாததாக இருந்தது. விலக்கி வைத்தால் சண்டை போடலாம், பெஞ்சு போட்டுக் கொடுத்தால் என்ன செய்வது என்று மெகருன்னிசாவிடம் பொருமினாள். நாள் தவறாமல் சேலையை இஸ்திரி போட்டுக் கட்டிக்கொண்டு எட்டு மணிக்கு வாசலில் போய் நின்றாள், கருவி அவளைத் தாண்டிப் பின்னாலிருக்கும் சுவரைப் பார்த்தது, சிங்கராசு பக்கக் கதவைத் திறந்தார், விழாத எழுத்துகளைத் தட்டிவிட்டு மாலை வீடு திரும்பினாள். மற்ற எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் கூப்பிட்டு வரவழைத்தாள். நான்காம் நாள் அழகர்ராஜாவும் வந்தார், தன் நாற்காலியைத் துடைத்து உட்கார்ந்தார்.

பதினெட்டாம் நாள் ஹேமநாதன் அவள் இருக்கைக்கே வந்தார். புதிய ஏற்பாட்டைக் கொண்டுவரும் சென்னைக் குழுவுக்கு ஏல நிரல் ஒன்றும் புரியவில்லை, ஒரே மூட்டையை இரண்டு வியாபாரிக்கு விற்றுவிட்டுத் திணறுகிறார்கள். ஒன்பது பேரும் அவர்கள் பக்கத்தில் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த நிரல் எதற்கு என்று வாயால் சொல்லிக் கொடுத்தால் போதும் என்றார். வருகை பதியுமா என்று அவள் கேட்டாள். அது தன் கையில் இல்லை என்று கையை விரித்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். குறிப்பு வரியோட வேலையே வெளக்கம் சொல்றதுதானே."

அறையில் மற்ற எட்டுப் பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனபாக்கியம் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள்.

"நான் குறிப்பு இல்ல சார். நான் ஓடுற வரி. என்னைய ஓட விட்டா ஏலம் நடக்கும், விடலைன்னா ஒரு வார்த்தை வெளக்கம் கெடையாது."

வேலை பத்து நாளில் நின்றுபோகும் என்பதை அவர் நினைவூட்டினார், மிரட்டலாக அல்ல, அக்கறையாகத்தான். அழகர்ராஜா தன் இடத்திலிருந்தே, அந்தத் தேதி எங்களுக்கும் தெரியும் சார், அந்த நிரலுக்குச் சோதனை பார்த்துக் கொடுத்தது நான்தான் என்றார். பதினெட்டு நாளில் தனபாக்கியத்தின் பக்கமாக நின்று அவர் பேசியது அதுதான் முதல் தடவை, அவளுக்குக் கண் கலங்கியது.

சனிக்கிழமைப் பாடம் மட்டும் நிற்கவில்லை. கணினி தொட்டால் கேட்காது என்பதால் சதுரக் கட்டத் தாள் வாங்கி வந்து பேனாவால் எழுதினார்கள். இருபத்தாறாம் நாள் சனிக்கிழமையில் வந்தது. அன்று முறுக்கைக் கடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு அழகர்ராஜா, இன்னும் ரெண்டு நாளில் வீட்டுக்குப் போகப் போகிறவர்களுக்கு எதற்குப் பாடம் என்று கேட்டார். படிக்கிறதை நிறுத்தினால் அந்த ஆள் சொன்னது உண்மையாகிவிடும் என்று சொல்லிக்கொண்டே தனபாக்கியம் தாளை இழுத்து, எந்த நிரலுக்கும் எழுதுவதுபோல முதல் வரியை எழுதத் தொடங்கினாள். முதல் வரியின் முதல் கட்டத்தில் ஒரு நட்சத்திரம், அதை ஒட்டி இரண்டாவது கட்டத்தில் இன்னொரு நட்சத்திரம். இனிமேல் இந்த நிரலில் கட்டங்கள் செல்லாது, எங்கே வேண்டுமானாலும் எழுதலாம் என்று இயந்திரத்துக்கு அறிவிக்கும் வரி அது. அந்த வரி பாஷையில் புதிதாக வந்தபோது அதே மாடியில் அதே பாயில் உட்கார்ந்து படித்ததுதான், அன்றிலிருந்து தினமும் பத்துத் தடவை கை தன்னால் எழுதும், யாரும் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. பேனா அந்த இரண்டாவது நட்சத்திரத்தில் நின்றது.

மெகருன்னிசா தாளைப் பார்த்தாள், தனபாக்கியத்தின் தோளைப் பார்த்தாள், பிறகு தன் தோளைப் பார்த்தாள்.

கட்டமே செல்லாது என்றால் ஏழாவது கட்டமும் செல்லாது. வாசல் கருவி காலை எட்டு மணிக்குக் கண் திறக்கும்போது முதலில் நிற்பவர்தான் அன்றைய ஏட்டின் முதல் வரி. அங்கே இரண்டு நட்சத்திரங்கள் இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்க வேண்டும். இருவருக்கும் இடது தோளிலேயே இருப்பதால் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் ஒட்டாது. மற்ற ஏழு பேர் பார்க்க இருவரும் எழுந்து நின்று பல விதமாகத் திரும்பிப் பார்த்து, கடைசியில் பெருநாள் அன்று மெகருன்னிசா கட்டிக்கொள்வதுபோல இடது தோளோடு இடது தோள் சேரக் கட்டிக்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தொடுகின்றன என்று கண்டுபிடித்தார்கள். அழகர்ராஜா கையிலிருந்த முறுக்கைக் கடித்தார்.

மறுநாள் ஞாயிறு விடுமுறை. இருபத்தெட்டாம் நாள் திங்கட்கிழமை ஏழரை மணிக்கே ஒன்பது பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள், விஷயம் எப்படியோ கசிந்து டீக்கடைக்காரர், நடத்துநர், நாடி பிடித்த நர்ஸ், காய் பொறுக்கும் பெண்கள் இருபது பேர் என்று தெருவே வந்து நின்றது. வாசல் கருவிக்கு முன்னால் ஒற்றையடியாக ஓடும் நடைபாதையில் சதுரச் சதுரமாகத் தரைக்கல் பதித்திருக்கும், கருவிக்குக் கீழே மஞ்சள் கோடு. தனபாக்கியமும் மெகருன்னிசாவும் முன்னால் போய்க் கட்டிக்கொண்டு நின்றார்கள், பின்னால் ஏழு பேர். எட்டு மணிக்குக் கருவி கண் திறந்தது, அவர்களைத் தாண்டிச் சுவரைப் பார்த்தது, யாருமில்லை என்று சிவப்பு விளக்கைப் போட்டது.

சிங்கராசு பழக்க தோஷத்தில் பக்கக் கதவின் சாவியை எடுத்தார், ஊரார் சிலர் பரவாயில்லம்மா, பெஞ்சு இருக்குல்ல என்று ஆறுதல் சொல்லத் தொடங்கினார்கள். தன் கையால் போட்ட நட்சத்திரம் எட்டுப் பேர் வாழ்க்கையை முடித்துவிட்டது என்று தனபாக்கியம் தோழியின் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்படியே கட்டிக்கொண்டு நின்ற மெகருன்னிசா குனிந்து தரையைப் பார்த்தாள். பார்த்தவள் எண்ணினாள்.

"ஏய் தனம், காலப் பாருடி. நாம எங்க நிக்கிறோம்?"

மஞ்சள் கோட்டுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஐந்து கல் காலியாகக் கிடந்தது. முப்பத்து நாலு வருஷப் பழக்கம். வரியின் முதல் ஐந்து கட்டத்தைக் காலியாக விட்டு ஆறாவதில் தொடங்கித் தொடங்கி, இந்த நடைபாதையிலும் தினமும் ஐந்து கல் விட்டு ஆறாவது கல்லில்தான் நின்று வந்திருக்கிறார்கள், ரேஷன் கடையிலும் அப்படித்தான், வங்கியிலும் அப்படித்தான், ஐந்து பேர் குறுக்கே புகுந்து முந்திக்கொண்டு போனாலும் அவர்களுக்கு அது உறைத்ததே இல்லை. திரையில் முதல் கட்டத்திலிருந்து எழுதப் பழகிய கை, காலுக்கு அதைச் சொல்லவில்லை.

தனபாக்கியத்துக்கு முதலில் சிரிப்பு வந்தது, அதன் பின்னாலேயே கோபம் வந்தது, இத்தனை வருஷம் யார் யாருக்காகவோ காலியாக விட்டு வைத்த அத்தனை இடத்தின்மேலும் வந்த கோபம் அது. கட்டிய கையை விடாமல் இருவரும் பக்கவாட்டில் அடி வைத்து நகர்ந்தார்கள், ஐந்தாவது கல், நாலாவது, மூன்றாவது, இரண்டாவது, முதல் கல்லில் போய் மஞ்சள் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றார்கள். கருவியின் கண் சுவரிலிருந்து மெதுவாக இறங்கி வந்து அவர்கள் முகத்தில் நின்றது.

"வணக்கம் தனபாக்கியம். வணக்கம் மெகருன்னிசா," என்றது கருவி, எப்போதும் சொல்லும் அதே தூக்கக் கலக்கக் குரலில். பிறகு அழகர்ராஜா, பிறகு மற்ற ஆறு பேர், ஒருவர் பெயரையும் விடவில்லை. நர்ஸ் அழுதுவிட்டார். நடத்துநர், இனிமே உங்களுக்கும் டிக்கெட்டு எண்ணிக்கை உண்டு, கூட்டமா இருந்தா எடம் கெடையாது என்று கறாராகச் சொன்னார், அதைக் கேட்டு ஒன்பது பேருக்கும் உச்சி குளிர்ந்தது.

ஹேமநாதன் அப்போதுதான் காரில் வந்து இறங்கினார். மேலாளருக்கென்று கட்டம் போட்டுப் பெயர் எழுதிய தனி இடத்தில் காரை நிறுத்திவிட்டு, மேலாளருக்கென்று தரையில் அதேபோலக் கட்டம் போட்டிருக்கும் தனி வாசலில் போய் நின்றார். கதவு திறக்கவில்லை. கட்டங்கள் செல்லாது என்று அறிவித்த பிறகு கட்டத்துக்குள் நிற்கிறவரை இயந்திரத்துக்குத் தெரியாது, அது யாருடைய குற்றமும் இல்லை. மூன்று முறை முகத்தைக் காட்டிப் பார்த்துவிட்டு அவர் சுற்றி நடந்து வந்து, காய் பொறுக்கும் பெண்களுக்குப் பின்னால், வரிசையின் கடைசியில் நின்றார். நல்ல மனிதர் என்பதால் முணுமுணுக்கவில்லை. ஆனால் உள்ளே வந்ததும் நேராகத் தனபாக்கியத்திடம் போய், வரிசையில் எல்லாரும் பேசிக்கொண்ட இந்த இரண்டு நட்சத்திரம் என்பது என்ன, இது எப்போது வந்தது என்று கேட்டார்.

"பத்து வருஷமாச்சு சார்," என்றாள் தனபாக்கியம்.

அவர் தன் அறைக்குப் போனார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு விரலை வைத்தாள், பட்டியல் கோப்பு திறந்தது. ஒன்பது பெயர்களும் ஏழாவது கட்டத்தில் நட்சத்திரத்தோடு அப்படியே இருந்தன, அவற்றை அவள் தொடவில்லை, இனி அவை எங்கே இருந்தால் என்ன. அம்புக்குறியைக் கீழே இறக்கி, ஐம்பது வயது கடந்தவர்களுக்குப் பயிற்சி இல்லை என்று தன் கையால் எழுதிய அந்த விதியில் கொண்டுபோய் நிறுத்தினாள். அழகர்ராஜா எட்டிப் பார்த்து, வழக்கப்படி அதற்கு ஒரு நட்சத்திரம் போட்டு வைக்கச் சொன்னார், என்றைக்காவது வேண்டியிருக்குமே என்று.

முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாகத் தனபாக்கியம் ஒரு வரியை அழித்தாள். அழித்துவிட்டு, ஏலத்துக்கு நேரமாகிவிட்டது, மூட்டைப் பட்டியலைத் திறங்கள் என்றாள்.